ஒரே பெட்டிக்குள் இரண்டு கார்டு

ஆடி 12, திங்கள்

காலையிலிருந்து காற்று. எதிர்வீட்டு லுங்கி பறந்துபோய் மின்கம்பியில் தொங்குகிறது. கூடத்து ஜன்னல் இரண்டும் சாத்தியாகிவிட்டது. ஆடி முடியும்வரை இப்படித்தான். காற்று உள்ளே வந்தால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை இழையாக அறும். மேலே விசிறியும் போடக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: வேர்த்து ஒழுகினாலும் சரி, பாவுக்கு நேராகக் காற்று கூடாது. ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது அம்மா வீட்டுக்குப் போனால்கூட விசிறி சுவிட்சைத் தொடும்போது கை தயங்குகிறது.

பழைய கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. புதன்கிழமை புகை, நேற்று மொத்தமாக முடிந்தது. பட்டுச் சேலைக் கடைக்குத் தரவேண்டிய பார்டர் டிசைன் மூன்று பாக்கி. இரவல் லேப்டாப்பில் ஒரு யாளிக்குக் கால் வரைவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆகவே புதுசு வாங்கியே ஆகணும். எது என்பதுதான் கேள்வி. எழுதி வைக்காவிட்டால் சுற்றிச் சுற்றி வருவேன்.

1. ஒரே பெட்டி. உள்ளே இரண்டு கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் ஓட்டுவது அதுதான்). வெளியே இரண்டு திரை, இரண்டு கீபோர்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் விளையாடலாம்.
2. தனித்தனியாக இரண்டு சின்னப் பெட்டி.
3. எனக்கு மட்டும் ஒன்று, வேலைக்கு. விளையாட்டே வேண்டாம்.

மூன்றாவதை எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

ச. என்றால் என் கணவர். சித்திரையிலிருந்து அவர் பெயரை முழுசாக எழுதுவதில்லை. கோபம். குழந்தைக்காகச் சென்னைக்குப் போய் மூன்று முறை வைத்தியம் பார்த்தோம். மூன்றாவதும் நிற்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் "எனக்குப் போதுங்க, இனிமே என்னால முடியாது" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். சரி என்று சொல்லியிருந்தால் தோளில் சாய்ந்திருப்பேன். நாலு மாசமாக எங்களுக்குள் ஓடுவது "சோறு ஆச்சா", "கரண்ட் போச்சு" இரண்டு வசனம்தான்.

ஆடி 12, சாயங்காலம்

விட்டதைத் தொடர்கிறேன். கல்யாணமான புதுசிலும் ச. பேசமாட்டார். வெட்கம். அப்போது என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு லாரி விளையாட்டு. மலைப்பாதை, சேறு, மரச்சுமை. திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் ஓட்டலாம். ஒருவர் சேற்றில் மாட்டினால் மற்றவர் கம்பி கட்டி இழுக்கணும். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, என் லாரி பள்ளத்தில். அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்: "நீ கம்பிய கட்டு, நான் இழுக்கறேன்."

அதே விளையாட்டின் புதுசு வந்திருக்கிறது. அதில் திரையைப் பிரிக்க வழியில்லை. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு திரை இருந்தால்தான் உண்டு.

எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லை. அவர் வந்து பக்கத்தில் உட்காரணும். இதை யாரிடம் சொல்ல முடியும், நோட்டில்தான் எழுதலாம்.

ஆடி 13, செவ்வாய்

காற்று. வாயில் மண்.

பாஸ்கர் அண்ணனுக்கு போன். சென்னையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். டிசைன் வேலைக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் அவரிடம்தான்.

முதலில் சிரித்தார். "ரெண்டு கார்டு ஜோடி சேர்த்து ஒரே படத்த ஓட்றதா? அந்தக் காலமே போச்சு சிஸ்டர். இப்ப எந்த கேமும் அத மதிக்கறது இல்ல."

ஜோடி சேர்க்க இல்லைண்ணா, பிரித்துக் கொடுக்க என்றேன். ஒரே மிஷினை உள்ளுக்குள் இரண்டு மிஷினாக நடிக்க வைப்பது. மேல் கார்டு ஒருவருக்கு, கீழ் கார்டு ஒருவருக்கு. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"யாருக்கு மா?"

"எனக்கும் அவருக்கும்."

"ரெண்டு மிஷினு வாங்கினா தலவலி இல்லியே."

எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். சரியாகவும்தான் இருக்கும்.

அவர் சொன்னதிலிருந்து குறிப்பு (போர்டு என்றால் பெட்டிக்குள் கார்டு, மெமரி எல்லாம் செருகுகிற தாய்ப்பலகை):

சாதாரண போர்டு (சா.போ.) - புதுசு. வேகம். கரண்டு கம்மி. கார்டு செருக நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும், ஆனால் பார்வைக்குத்தான் இரண்டும் ஒன்று. மேல் ஸ்லாட்டுக்கு டேட்டா போகப் பதினாறு பாதை, கீழ் ஸ்லாட்டுக்கு நாலே நாலு. சில போர்டில் இரண்டு கார்டையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்திருக்கும், ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க விடாது. வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பட்டறை போர்டு (ப.போ.) - ஏதோ ஆபீசில் பெரிய வேலைக்கு ஓடி, கழித்துப் போட்டது. பழசு. யானை மாதிரி கரண்டு தின்னும். சிப்புக்குள் கணக்குப் போடுகிற ஒவ்வொரு கோரும் கொஞ்சம் மெதுவு, ஆனால் நிறைய கோர். இரண்டு ஸ்லாட்டுக்கும் முழுசாகப் பதினாறு பதினாறு. கார்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்க மறுப்பே சொல்லாது.

விலை ஏறக்குறைய ஒன்றுதான். பணத்தைச் சாக்கு சொல்லித் தப்பிக்க முடியாது.

ரசத்தில் உப்பு போட மறந்திருக்கிறேன். ச. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் போனார். இதற்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஆடி 15, வியாழன்

தூறல், பத்து நிமிஷம்.

இன்று முழுக்க மண்டைக்குள் நாலு பாதை, பதினாறு பாதை. நான் கீழ் ஸ்லாட்டை எடுத்துக்கொண்டால் என்ன? நாலு பாதையிலும் இந்த விளையாட்டு ஓடும், பெரிய வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். ஆனால் ச. கண்டுபிடித்துவிடுவார். என் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் "நீ இந்தப் பக்கம் வா" என்று எழுந்து இடம் மாறுவார். அப்புறம் அவர் கீழ் ஸ்லாட்டில் உட்கார்ந்து ஒன்றும் நடக்காதமாதிரி ஓட்டுவார். அந்த ஆளின் குணமே அதுதான். வலித்தாலும் சொல்லமாட்டார்.

இரண்டு தனிப் பெட்டி என்றால் ஒன்றை மாடிக்குத் தூக்கிப் போய்விடலாம். தூக்கிப் போவார், அல்லது நானே தூக்கிப் போவேன். அதில்தான் எனக்கு பயம். ஒரே பெட்டி என்றால் ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாகணும். ஒருவருக்கு அப்டேட் என்றால் இருவருக்கும் காத்திருப்பு. இதெல்லாம் குறை என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது.

இன்னொன்று. ச. போன மாசம் கடையிலிருந்து வேறு மாதிரி பாவு வாங்கி வந்துவிட்டார். எப்போதும் கோர்வைச் சேலைதான் நெய்வார். அதில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா சேலை உடலுக்கு ஒன்று, ஓரத்துக்குத் தனியாக ஒன்று. ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓரத்து நாடாவை வாங்கி வீசணும். ஆறு வருஷமாக அந்தப் பக்கத்து ஆள் நான்தான். காலையில் இரண்டு மணி நேரம், அப்புறம் என் டிசைன் வேலை. இப்போது தறியில் இருப்பது ஒரே நாடாவில் ஓடுகிற சேலை. பக்கத்து ஆளே வேண்டாம். கேட்கவில்லை, சொல்லவில்லை. ஒருநாள் காலையில் போய் உட்காரப் போனேன், எனக்கு அங்கே வேலை இல்லை.

அன்றைக்கு அடுப்படியில் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயம் கூட உரிக்கவில்லை.

அத்தை வாசலில் பக்கத்து வீட்டம்மாவிடம் (காதில் விழுந்தது): "அவன் தறிய கட்டிக்கினு கெடக்கறான், இவ கம்ப்யூட்டர கட்டிக்கினு கெடக்கறா. நடுவுல நான் எந்தப் பக்கம் போறது?"

அத்தை என்றால் ச.-வின் அம்மா. பேச்சு நிறுத்தினது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது.

ஆடி 16, வெள்ளி

கேட்டேன். தறிக்குப் பக்கத்தில் போய் நின்று, நேராக.

"கம்ப்யூட்டரு வாங்கப் போறேன். ஒண்ணா ரெண்டா?"

நாடா இரண்டு தடவை போய் வந்தது. "உன் இஷ்டம்."

"என் இஷ்டம் தெரியும். உங்க இஷ்டம் இன்னா?"

"வேலைக்கி எது தோதோ அத வாங்கு தேவகி."

என் பெயரைச் சொன்னார். நாலு மாசத்தில் முதல் தடவையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. உள்ளே வந்து பருப்பை இரண்டு தடவை கழுவினேன்.

முடிவு: ப.போ. பழசு, பெரிசு, கரண்டு தின்னி, இருந்தாலும் இரண்டு ஸ்லாட்டும் சமம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அத்தை: "ஆடியில போயி வாங்குவாங்களாம்மா?" பத்து நிமிஷம் கழித்து அவரே: "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கி வாங்கு. அன்னிக்கி வாங்கினா பெருவும்." பெருகினால் எங்கே வைப்பது என்று கேட்டேன். முறைத்தார்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. அத்தை விடியலிலேயே தெருப் பெண்களோடு வேன் பிடித்துத் திருமுக்கூடல் ஆற்றுக்குப் போய்விட்டார். போகும்முன் மஞ்சள் கயிறு எடுத்துக் கையில் திணித்தார். புதுக் கயிறு மாற்றணும். எப்போதும் ச. முடிச்சைப் பிடித்துக்கொள்வார், கண்ணாடியில் எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால். இந்தத் தடவை நானே போட்டுக்கொண்டேன். முடிச்சு கோணல்.

பாஸ்கர் அண்ணன் பெருக்குக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார், ஐயம்பேட்டையில். சாமானை வண்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் போனேன். திரும்பும்போது டிரைவர், "இன்னாம்மா இது, இரும்புப் பொட்டியா?" இரண்டு ஆள் கூலி கேட்டார். ஒத்துக்கொண்டேன். மடியில் ஒரு கார்டு, காலடியில் ஒரு கார்டு, பக்கத்தில் பெட்டி. ஒரு அம்மா வழி முழுக்கத் தேங்காய் சாதத் தூக்கை என் தோளில் சாய்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் சொன்னது: "சனிக்கெழம வரைக்கும் டைமு. ஒத்து வரலன்னா எடுத்தாந்துடு, வேற தரேன். ஆனா இது குதிர மாதிரி ஓடும்." யானை என்றார், இப்போது குதிரை.

ச. வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். கனம் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மத்தியானம் புளிசாதம், தயிர்சாதம், வடகம். நல்ல சாப்பாடு.

ஆடி 20, செவ்வாய்

பூட்டும் வேலை. நாள் முழுக்க. விரலில் இரண்டு கீறல்.

இடம்தான் பிரச்சினை. என் மேஜை கூடத்தின் குறுக்கே நிற்கிறது. நான் உட்காரும் பக்கம் சுவர், எதிர்ப்பக்கம் தறி. பெட்டியின் முகம் என் பக்கம், முதுகு தறிப் பக்கம். முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, தலையில் ஒன்று. முன் விசிறி உள்ளே இழுக்கும், பின் விசிறியும் தலை விசிறியும் சூட்டை வெளியே தள்ளும். எங்கே தள்ளும்? நேரே பாவு மேல். அதுவும் அனல் காற்று. நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

அதனால் பின் விசிறியையும் தலை விசிறியையும் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது நாலும் உள்ளேதான் இழுக்கும். காற்று இண்டு இடுக்கு வழியாக எப்படியும் வெளியே போய்விடும். பக்கக் கதவையும் இறுக்க மூடியாயிற்று, இல்லையென்றால் பட்டுத் தூசி உள்ளே போய் உட்காரும். தறியின் முன்னால் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். ஒரு துளி காற்று இல்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

செய்தவை: போர்டு, மெமரி, பவர், கார்டு இரண்டு. 
பாக்கி: உள்ளே இரண்டாகப் பிரிப்பது, இரண்டாவது நாற்காலி, யாளிக்கு மூன்று கால்.

ஆடி 21, புதன்

பிரிந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு திரையிலும் தனித்தனியாக வெளிச்சம். இடது திரையில் நான் அம்புக்குறியை ஆட்டினால் வலது திரை சும்மா இருக்கிறது. வலது கீபோர்டில் "அ" அடித்தால் வலதில் மட்டும் "அ". நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அத்தை வந்து பார்த்தார். "ஒரே பொட்டிதான?" "ஒரே பெட்டிதான் அத்தை." "உள்ளார ரெண்டு குடித்தனமா?" "ஆமாம்." "சண்ட போட்டுக்காதா?" தெரியலை அத்தை என்றேன்.

நாளைக்கு அவரைக் கூப்பிடப் போகிறேன். எப்படிக் கூப்பிடுவது? "வாங்க" என்றால் போதும். போதுமா?

ஆடி 22, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சாயங்காலம் தறியை விட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "வாங்க" என்றேன். இரண்டு நாற்காலியையும் பார்த்தார், இரண்டு திரையையும் பார்த்தார், உட்கார்ந்தார். அவருக்கு மேல் கார்டு, எனக்குக் கீழ் கார்டு. லாரி இரண்டும் ஷெட்டிலிருந்து கிளம்பின. பேச்சில்லை. ஆனால் என் லாரி திணறும்போது அவர் வேகத்தைக் குறைத்தார், கவனித்தேன். முதல் ஆற்றைத் தாண்டினோம். பாலத்துக்கு முன்னால் நான் மாட்டினேன், வேண்டுமென்றே கொஞ்சம். அவர் லாரி பின்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தார். இப்போது சொல்வார், கம்பியக் கட்டு என்று சொல்வார்.

அவர் திரை கறுப்பு.

பத்து நொடியில் என் திரையும். பெட்டி மொத்தமாக அணைந்தது.

திரும்பப் போட்டேன். பதினைந்து நிமிஷம். மறுபடி கறுப்பு. மூன்றாவது தடவை அவர் எழுந்துவிட்டார். "சரி வுடு தேவகி. ஒத்து வரலன்னா வுட்டுடணும்."

கம்ப்யூட்டரைத்தான் சொன்னாரா? என் காதில் எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் விழுந்தது. சாப்பிடவில்லை, பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசி இருந்தது.

ஆடி 23, வெள்ளி

தலைவலி. காற்று நின்றபாடில்லை.

சோதனை:
மேல் கார்டு மட்டும் - இரண்டு மணி நேரம், ஒரு குறையும் இல்லை.
கீழ் கார்டு மட்டும் - அதேபோல்.
இடம் மாற்றி மாட்டி, இரண்டும் சேர்த்து - இருபது நிமிஷத்தில் சாவு. எது மேலே இருக்கிறதோ அது முதலில்.

ஆகவே கார்டில் தப்பில்லை. தனித்தனியாக இருந்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்து வைத்தால் ஆகவில்லை. இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் திறந்து எழுதுகிறேன்: போர்டுதான் தப்பு. பழசு. நான்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். சமம் சமம் என்று குதித்தேன்.

பாஸ்கர் அண்ணன் போனில்: "சூடு இருக்குதா?" "இருக்குது, ஆனா இந்தக் கார்டு எப்பவும் சூடுதான்னு நீங்கதான சொன்னீங்க." "அது கரெக்டு. அப்ப போர்டா இருக்கலாம் சிஸ்டர், பழசு இல்ல? எடுத்தாந்துடு. சின்னதா ரெண்டு மிஷினு கட்டித் தரேன்."

சரி என்றேன். எவ்வளவு சுலபமாகச் சரி என்று வந்துவிடுகிறது. இரண்டு மிஷின். ஒன்று மாடிக்கு.

நாளைக்கு சனி, கெடு முடிகிறது. காலையில் சென்னை பஸ்.

ஆடி 24, சனி

பஸ் ஏறவில்லை. அதை முறையாக எழுதணும், மறந்துவிடக்கூடாது.

ஏழு மணிக்கு பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு தடவை, சும்மா, இரண்டு கார்டையும் ஓடவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. தறிச் சத்தம் நின்றது. ச. எழுந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம், பெட்டியின் முதுகுப் பக்கம் நின்றார்.

"எடுத்துக்கினு போறியா?"

"ஆமா. போர்டு சரியில்ல. சேர்ந்தா ஓடல."

தோளில் ஒட்டியிருந்த ஒரு பட்டு இழையை எடுத்தார். கூடத்தில் எங்கேயாவது காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க இவர்கள் அப்படித்தான் செய்வார்கள்: ஒற்றை இழையை விரல் நுனியில் தொங்கவிட்டு ஜன்னல் சந்து, கதவு சந்து என்று காட்டிக்கொண்டே போவார்கள். இழை ஆடினால் அங்கே துணி அடைப்பார்கள். அந்த இழையைப் பெட்டியின் முதுகில் காட்டினார். இழை சர்ரென்று உள்ளே ஒட்டிக்கொண்டது. தலையில் காட்டினார். உள்ளே. சுற்றி வந்து என் பக்கம், முகத்தில் காட்டினார். உள்ளே. கீழே பவர் சப்ளை மூலையில் மட்டும் லேசாக வெளியே தள்ளியது, மூக்கால் மூச்சு விடுகிறமாதிரி.

"எல்லாப் பக்கமும் இழுக்குதே. வெளிய எங்க போவுது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. சூட்டை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு கார்டு என்றால் எப்படியோ தாங்கியது. இரண்டு சேர்ந்தால் கீழ் கார்டின் சூடு மேல் கார்டுக்கு ஏறி, அது வெந்து அணைந்துபோகிறது. போர்டு பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கட்டுகிறவள். வெட்கக்கேடு.

"பின்னால இருக்கறது வெளிய தள்ளற விசிறிதான? பழைய பொட்டியில அப்படித்தான இருந்திச்சி?"

"ஆமா. நான்தான் திருப்பி வெச்சேன்."

"ஏன்?"

"முதுகு உங்க தறிப் பக்கம் இருக்குது. பாவுல காத்து படும்னு."

இழை அவர் விரலிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுப்பில் அத்தை எதையோ தாளித்துக்கொண்டிருந்தார், கடுகு வெடித்தது.

"நாலு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல நானு," என்றார். "நீ என் பாவுல காத்து படாம பாத்துக்கினு இருந்தியா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பாவு என்ன தப்பு செய்தது என்று கத்தினேன். அப்புறம் அழுகை. அவர் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார், மேஜை நடுவில். பிறகு மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி. சமையக்கட்டுப் பக்கம் திருப்பிப் போட்லாம்."

பிடித்தேன். திருப்பினோம். விசிறி இரண்டையும் நான் கழற்றிப் பழையபடி மாட்ட, அவர் திருகுகளைக் கையில் வைத்துக்கொண்டார். ஒன்று கீழே விழுந்து இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். தறிக் குழிக்குள் கிடந்தது. இறங்கி எடுத்துத் தந்தார்.

பாஸ்கர் அண்ணனுக்கு போன் செய்து போர்டு நல்ல போர்டு, தப்பு என்னுடையது என்றேன். "இன்னா தப்பு?" சொன்னேன். சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. சிரிக்கட்டும்.

ஆடி 25, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடியது. அணையவில்லை. சூடு குறைந்துவிட்டது. அத்தைக்குச் சமையலறை வாசலில் வெதுவெதுவென்று காற்று வருகிறதாம். வடகத் தட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறார்.

எழுதவேண்டியது அது இல்லை.

பாலத்துக்கு முன்னால், அதே இடத்தில், மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை நிஜமாகவே. அவர் லாரியைத் திருப்பிப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பஸ்ல நீ போதும்னு சொன்ன பாரு."

"ம்."

"எனக்கு அப்பாடான்னு இருந்திச்சி. நெஞ்சுல இருந்து எதயோ எறக்கி வெச்ச மாதிரி. உடனே பயந்துட்டேன். புள்ள வேணாம்னு நெனக்கிறனா, இன்னா ஆளுடா நீன்னு. அத உங்கிட்ட எப்டி சொல்றது? அதான் வாயே தொறக்கல."

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

நான் என்னென்ன நினைத்திருந்தேன். என்மேல் வெறுப்பு என்று நினைத்தேன். வேறு கல்யாணம் பேசுவார்கள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன், வெளியே சொல்லமாட்டேன். ஒரு நாடா சேலைக்கு மாறியது ஏன் என்று கேட்டேன்.

"பக்கத்துல நீ உக்காந்தா பேசாம இருக்க முடியாது. அதான்."

ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது. வைக்கவில்லை. இரண்டு பேரும் அழுது முடித்தபோது என் லாரி தானாகச் சரிந்து பாதி ஆற்றுக்குள் இறங்கியிருந்தது.

"கம்பிய கட்டு," என்றார். "நான் இழுக்கறேன்."

ஆடி 27, செவ்வாய்

யாளிக்கு நாலு காலும் ஆச்சு. வால் பாக்கி. கடையில் சீக்கிரம் கேட்கிறார்கள்.

வடகம் காய்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும்.

ஆடி 29, வியாழன்

காற்று குறைந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு ஜன்னல் திறந்தோம்.

தறியில் இருந்த சேலை நேற்று முடிந்தது. இன்று சரவணன் கடைக்குப் போய்ப் புதுப் பாவு தூக்கிக்கொண்டு வந்தார். மயில்கழுத்து நிறம், அரக்கு ஓரம். அத்தைதான் முதலில் பிரித்துப் பார்த்தார்.

"கோர்வையாடா? ஓரத்து நாடாவுக்கு ஆளு எங்க? இந்த ஆடியில யாரு வருவாங்க?"

சரவணன் என் பக்கம் பார்க்கவில்லை. பாவுக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "ஆளு வூட்லதான் இருக்குது."

காலையில் ஆறு மணிக்கு உட்காரணும். அலாரம் வைக்கணும்.